கெர்

மங்கோலியரின் வட்ட வடிவ உறைவிடம். மரக் கிராதிச் சுவரைச் சுற்றி ஆட்டுமயிர்க் கம்பளம் போர்த்தி, வாசலைத் தெற்குப் பார்த்து வைப்பார்கள். உலகம் அறிந்த ‘யூர்ட்’ துருக்கிய மொழிச் சொல். ரஷ்ய மொழி வழியாகப் பரவியது. தமிழில் ‘கூடாரம்’ என்று எழுதிவிடுகிறோம். அது பிழை. கூடாரத்துக்கு மங்கோலிய மொழியில் ‘மைகான்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. கெர் என்றால் வீடு. ‘கெர் புல்’ குடும்பம். ‘கெர்லெக்’ மணம் செய்துகொள்வது. நம் இல்லாள், இல்லறம் பிறந்த அதே வழிதான்.

கழற்றி வண்டியில் ஏற்றக்கூடியது எப்படி வீடாகும் என்று கேட்கலாம். பெயர்க்க முடிவது அதன் வசதி, அவ்வளவே. நாடோடிகளின் தேசம் என்ற பழைய பிம்பத்தில் மயங்கியவர்களே அதை இலக்கணமாக்கினார்கள். தலைநகர் உலான்பாத்தரைப் பாருங்கள். கடும் பனியில் மந்தையைப் பறிகொடுத்தும், வேலையும் பள்ளிக்கூடமும் தேடியும் வந்த மேய்ச்சல் குடும்பங்கள், நகர விளிம்பில் பலகை வேலி அடைத்த மனைகளில் கெரை நிறுத்தி ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கின்றன. மின்சாரம் உண்டு, பெரும்பாலும் குழாய்த் தண்ணீர் கிடையாது, கேனில் பிடித்து வரவேண்டும். குளிருக்கு நிலக்கரி அடுப்பு. அந்தப் புகை தாளாமல்தான் 2019 மே மாதம் தலைநகரில் பதப்படுத்தாத நிலக்கரிக்குத் தடை வந்தது. இனி கெர் என்றே எழுதுவோம்; விளக்கம் தேவைப்பட்டால் ‘கம்பளி வீடு’ எனலாம்.