கோடரியும் பால் வெட்டும் கத்தியும்

ஃபெர்டினாண்ட் ஹோட்லரின் 'மரவெட்டி' ஓவியத்தில் ஒரே ஒரு ஆள்தான். கால்களை அகட்டி, கோடரியைத் தலைக்கு மேல் ஓங்கி, உடம்பையே சாய்ந்த கோடாக்கி நிற்கிறான். சுற்றிலும் ஒல்லி மரங்கள், பின்னால் வெளிறிய வானம். வீடில்லை, கூட்டாளியில்லை, முதலாளியில்லை. சுவிஸ் தேசிய வங்கி 50 பிராங்க் நோட்டுக்கு ஹோட்லரிடம் கேட்டதில் பிறந்த உருவம் இது. 1910இல் பெரிய ஓவியமானது, 1911இல் நோட்டாக வெளிவந்தது. குறியீட்டு ஓவியர்களுக்கு இது பிடித்த வழி: ஆளைச் சூழலிலிருந்து பிடுங்கிவிட்டால் அவன் 'உழைப்பு' ஆகிவிடுவான்.

அதே 1910இல்தான் லண்டனில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலிமுறை முடிந்ததும் அந்த ஆண்டே. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தது மட்டும் 1938வரை ஓடியது.

எனக்கு முக்கியமாகப் படுவது கையசைவு. ஹோட்லரின் ஆள் மரத்தைச் சாய்க்கிறான். கித்தா மரத்தைச் சாகவிடக் கூடாது. பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சீவணும், அவ்வளவுதான். உள்மரத்தைத் தொட்டால் காயம். அங்கே பட்டை மறுபடி சரியாக வளராது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பால்குழாய்கள் அதற்கு எதிராக லேசாகச் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். இன்ஜினியரான நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டிய என் பாட்டிக்கு இது கையிலேயே இருந்தது. "கத்தி தானா எறங்கும்டா, நீ அமுக்கக் கூடாது" என்று சொல்லும்.

சுதந்திரத்துக்கு முன், 1957 மே 5இல், மலாயா கூட்டமைப்பு வெளியிட்ட தபால்தலைகளில் 6 சென்னில் பால்வெட்டு, 25 சென்னில் ஈயம் அள்ளும் கப்பல். பேராக்கின் இரண்டு சொத்தும் வந்துவிட்டன. பெரட்டு வரவில்லை. விடியுமுன் இருட்டில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டதும் ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து போவார்கள். நிரைக்குள் போனபின் தனிமைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தனிமையை அளந்து கொடுத்தது தண்டல். ஹோட்லரின் காட்டில் தண்டல் கிடையாது.

அதோடு, அது முழுத் தனிமையும் இல்லை. பாட்டியின் நிரையில் கோட்டுப்பால் உருவி, மங்குகளைத் துடைத்து வைத்தது ஏழு வயதுச் சித்தி. செக்ரோலில் பாட்டி பெயர் மட்டும்தான் இருந்தது.