சொமேட்டோ 2017: ஒரு பழைய பாஸ்வேர்டின் பயணம்

2017 மே 18ஆம் தேதி, தன் பயனர்களில் 1.7 கோடி பேரின் விவரங்கள் திருடுபோனதாக சொமேட்டோ அறிவித்தது. அவர்களில் 66 லட்சம் பேரின் பாஸ்வேர்டு ஹேஷ்களும், அதாவது நேரடியாகப் படிக்க முடியாதபடி மாற்றிய வடிவமும் போயிருந்தன. கூகுள், ஃபேஸ்புக் வழியாக உள்ளே வந்தவர்கள் தப்பித்தார்கள். அவர்களுக்கு அங்கே பாஸ்வேர்டே கிடையாது.

இதைவிடப் பெரிய திருட்டெல்லாம் பிறகு நடந்துவிட்டது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்தக் கதையைத்தான். திருடன் எந்த வழியாக வந்தான் என்று நிறுவனமே பிறகு எழுதி வெளியிட்டது. நம் நாட்டில் அப்படிச் செய்கிறவர்கள் அபூர்வம்.

கதை ஆரம்பிப்பது 2015இல், சொமேட்டோவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். 000வெப்ஹோஸ்ட் என்று ஓர் இலவச வெப்ஹோஸ்டிங் சேவை. அங்கிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் கசிந்தன, பாஸ்வேர்டுகள் ஹேஷ்கூடச் செய்யப்படாமல் அப்படியே. யுனிக்ஸ்காரர்களான ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் பாஸ்வேர்டை எப்படிப் பாதுகாத்து வைப்பது என்று 1979லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். 36 வருஷம் கழித்தும் இந்தக் கூத்து!

கசிந்த கணக்குகளில் ஒன்று சொமேட்டோ டெவலப்பர் ஒருவருடையது. அதே ஈமெயில், அதே பாஸ்வேர்டை அவர் கிட்ஹப்பிலும் வைத்திருந்தார். அந்தச் சாவியை வைத்து நிறுவனத்தின் சோர்ஸ் கோடுக்குள் நுழைந்துவிட்டான். டேட்டாபேஸுக்கு நேராகப் போக முடியவில்லை. குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. சளைக்காமல் கோடைப் படித்தான். ஓர் ஓட்டை கிடைத்தது. தேவர்கள் எறும்பாக மாறி சிவனிடம் போனார்கள் என்று தலபுராணம் சொல்லும் திருவெறும்பூர்க்காரன் நான். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவன் கேட்டது ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு ஒழுங்கான பரிசுத் திட்டம். நிறுவனம் சம்மதித்ததும், விற்பனைக்கு வைத்திருந்த தரவை எடுத்துவிட்டான்.

கவனிக்க வேண்டியது, 2015இல் ஓர் இடத்தில் போன பாஸ்வேர்டு 2017இல் வேறோர் இடத்தில் வெடித்ததை. எங்கள் தெருவில் பெல்லில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "சாப்பாடு ஆர்டர் பண்ற கணக்குல அப்படி என்ன தம்பி இருக்கு?" என்றார். அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் அவருடைய ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு. மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் லிங்க்கும் அங்கேதானே வரும்? அதனால் எங்கே கசிந்தாலும் முதலில் மாற்ற வேண்டியது ஈமெயில், அடுத்து அதே பாஸ்வேர்டு போட்ட மற்ற இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. நினைவில் நிற்காது, பாஸ்வேர்டு மேனேஜர் வேண்டும். கூடவே இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு, இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருக்கும் பெட்டி மாதிரி.

டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் ஈமெயில் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். சொமேட்டோவும் 000வெப்ஹோஸ்டும் அதில் உண்டு. இப்போது பயன்படுத்தாத பழைய முகவரிகளையும் போட்டுப் பாருங்கள்.