தட்டணுக்களும் பேறுகாலமும்

இரத்தத் தட்டணு முழுமையான உயிரணு அல்ல. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பேரணுவிலிருந்து உதிரும் உட்கருவற்ற துணுக்கு அது. ஆயுள் 7 முதல் 10 நாள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. டெங்குக் காய்ச்சலின்போது “பிளேட்லெட் எவ்வளவு?” என்று வீட்டார் பதறிக் கேட்பது இந்த எண்ணைத்தான்.

அரிவாள்மனையில் விரல் பட்டதும், அறுந்த இரத்தக்குழாயின் சுவரில் முதலில் போய் ஒட்டுபவை தட்டணுக்களே. ஒட்டியவை வேதிப்பொருள்களைச் சுரந்து மற்றவற்றையும் வரவழைக்கின்றன. ஃபைப்ரின் இழைகள் மேலே பின்னி அடைப்பை இறுக்குகின்றன. தட்டணுக்களின் இந்தப் பணியை 1882-இல் விளக்கியவர் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ.

கர்ப்ப காலத்தில் தட்டணு எண்ணிக்கை சற்றே சரியும். நூறு கர்ப்பிணிகளில் 5 முதல் 10 பேருக்கு 1.5 லட்சத்துக்குக் கீழே போகிறது. பெரும்பாலும் அது 1 லட்சத்துக்கு மேலேயே நின்று, பிரசவத்துக்குப் பின் தானாகச் சரியாகிவிடும். வேறு கோளாறு இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது, தட்டணுக் குறைவு வேறு கோளாறுகளோடு சேர்ந்து வரும்போது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டைன், 1982-இல் 29 பெண்களிடம் கண்ட அத்தகைய நிலையை ஆராய்ந்து அதற்கு ‘ஹெல்ப்’ (HELLP) என்று பெயரிட்டார். சிவப்பணுச் சிதைவு, கல்லீரல் நொதிகளின் உயர்வு, தட்டணுக் குறைவு ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் சேதமடைய, வெளிக்காயம் இல்லாமலேயே தட்டணுக்கள் அங்கே ஒட்டித் தீர்ந்துபோகின்றன. அந்த நெருக்கடிக்குள் நுழையும் சிவப்பணுக்கள் கிழிகின்றன, கல்லீரல் வீங்குகிறது. எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கினால் அறுவைசிகிச்சையில் இரத்தப்போக்கை அடக்குவது கடினம். தட்டணு ஏற்றினாலும், ஏற்றியவையும் விரைவில் தீர்ந்துவிடும். அதனால்தான் பிரசவமே இதற்கு அடிப்படைச் சிகிச்சை. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் தருகிறார்கள். சிலருக்குக் குழந்தை பிறந்த பிறகே, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், இது தலைகாட்டுவதும் உண்டு.

ஏமாற்றும் நோய் இது. வலது விலா எலும்புக்குக் கீழே எழும் வலியை வாயுத் தொல்லை என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். சிலருக்கு இரத்த அழுத்தம்கூட உயர்வதில்லை. ஆறாம் மாதத்துக்குப் பிறகோ பிரசவம் முடிந்த நாள்களிலோ அந்த வலி வந்தால், தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குப் போய், இரத்த அழுத்தத்தோடு தட்டணுவையும் கல்லீரல் நொதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.