அழுத இடத்தில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், ஷட்டாக்வா என்றொரு ஏரி. அதன் கரையில் ஒரு பலஸ்தீனம் இருக்கிறது. மண்ணைக் குவித்து எர்மோன் மலை, வாய்க்கால் வெட்டி யோர்தான், பள்ளத்தில் நீர் தேக்கிச் சவக்கடல், மேட்டின்மேல் எருசலேம். ஏரிதான் மத்தியதரைக் கடல். ஒரே ஓர் இடறல். அசல் நாட்டுக்குக் கடல் மேற்கே. இங்கே ஏரி கிழக்கே. அதனால் வடக்கே இருக்க வேண்டிய தாண் தெற்கே போய்விட்டது, தெற்கே இருக்க வேண்டிய பெயெர்செபா வடக்கே வந்துவிட்டது. மத்தியதரைக் கடலில் சூரியன் உதிக்கும். 1874-இல் இதை அமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வேதாகமத்தின் ஊர்களைக் காலால் நடந்து படிக்க வேண்டும், திசைகாட்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இறையியலுக்கும் ஊழியத்துக்கும் இன்று பல நாடுகளில் கோடைப் படிப்புகள் நடக்கின்றன. இரண்டு வாரம், மூன்று வாரம், கையில் ஒரு சான்றிதழ். இவற்றின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், பக்க வேர்கள் பல இருந்தாலும், ஆணிவேர் இந்த ஏரிக்கரையில்தான் தட்டுப்படுகிறது என்பது என் எண்ணம்.

முதலில், கோடை எதற்கு? நமக்குக் கோடை என்றால் கத்திரி வெயில். படிப்பை மூட்டை கட்டி வைக்கும் காலம். வட அமெரிக்க விவசாயிக்கு அப்படியல்ல. ஆகஸ்ட் என்பது களையெடுப்பு முடிந்து, பெரிய அறுவடை இன்னும் வராத ஓர் இடைவெளி. திறந்த வெளியில் படுத்தாலும் குளிர் கொல்லாது. அந்த இடைவெளியை முதலில் பிடித்துக்கொண்டது படிப்பு அல்ல, அழுகை. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்துக் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூடினார்கள். நாள் கணக்கில் பிரசங்கம். கேட்டவர்கள் கதறினார்கள், விழுந்தார்கள், உடல் நடுங்கக் கிடந்தார்கள். அதன்பிறகு ‘கேம்ப் மீட்டிங்’ என்பது அந்நாட்டுக் கிராமங்களின் கோடை வழக்கமாகவே ஆகிவிட்டது. மெதடிஸ்டுகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மரங்களுக்கு நடுவே மேடை, சுற்றிலும் கூடாரம், மனந்திரும்புகிறவர்களுக்கு முன்வரிசைப் பலகை. நம் கன்வென்ஷன் பந்தல்களைப் பார்த்தவர்களுக்குச் சாயல் உடனே பிடிபடும். ஷட்டாக்வா ஏரிக்கரையில் ஃபேர் பாயின்ட் என்று ஒரு திடல் இருந்தது. அதுவும் அப்படிப்பட்ட ஒரு முகாம்தான்.

இந்த அழுகை ஜான் ஹெய்ல் வின்சென்டுக்குப் பிடிக்காது. அவரும் மெதடிஸ்ட் போதகர்தான். 1832-இல் அலபாமாவின் டஸ்கலூசாவில் பிறந்து, பென்சில்வேனியாவில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே பிரசங்கம் செய்யக் கிளம்பிவிட்டவர். உணர்ச்சி வெள்ளம் வடிந்ததும் மனிதனிடம் மிச்சம் இருப்பது என்ன என்பது அவருடைய சந்தேகம். அதற்கு அடியில் இன்னொரு வலியும் இருந்தது. அவர் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. பிறகு பட்டங்கள் வந்தன, 1888-இல் பேராயர் பதவியும் வந்தது. ஆனாலும் அந்தக் குறையை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெதடிஸ்ட் சபைக்கு இது புதிய சங்கதி அல்ல. அந்நாளில் குதிரையேறி ஊர் ஊராகப் போகும் பிரசங்கியாருக்கு இறையியல் கல்லூரி ஏது? 1816-இல் அச்சபையின் பொது மாநாடு ஒரு வழி கண்டது. படிக்க வேண்டிய நூல்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவது. ஊழியத்தில் இருந்துகொண்டே படித்து, மூத்த போதகர்கள் முன் தேர்வுக்கு நிற்பது. சேணப் பையில் வேதாகமம் ஒரு பக்கம், பாடநூல் மறுபக்கம். வின்சென்ட் இப்படித் தேறியவர். ஊழியம் வேறு, படிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியாது. ஷட்டாக்வா ஏரிக்கரைப் பள்ளியின் பிறப்பில் நான் முதலில் எண்ணுவது இதைத்தான். ஏரியும் மரமும் அப்புறம்.

1850-களில் நியூ ஜெர்சியில் ஒரு சிற்றூரில் போதகராக இருந்தபோதே பலஸ்தீன வகுப்பு என்று ஒன்றை அவர் நடத்தினார். பிள்ளைகளும் பெரியவர்களும் வரலாம். வேதாகமப் புவியியலை வரைபடத்தோடும் நடையோடும் கற்க வேண்டும். படிப்பு ஏற ஏறப் பட்டமும் ஏறும்: முதலில் பலஸ்தீனத்துக்கு யாத்திரீகர், அப்புறம் அங்கே குடியிருப்பவர், இன்னும் தேறினால் எருசலேம்வாசி. விளையாட்டுதான். ஆனால் பின்னால் ஏரிக்கரையில் எர்மோன் மலை எழுந்தது இந்த விளையாட்டிலிருந்துதான்.

பிறகு இல்லினாய் மாநிலத்துக்கு மாறினார். அங்கே கெலீனா என்ற ஊரில் அவருடைய ஆலயத்துக்கு, தகப்பனாரின் தோல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு முன்னாள் படை அதிகாரி வருவார். பெயர் யுலிசிஸ் கிராண்ட். அந்தப் பழக்கம் பின்னால் உதவப்போகிறது.

அந்த நாட்களில் ஞாயிறு பள்ளி அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்தது. 1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தெருப் பிள்ளைகளுக்கு நடத்திய பள்ளியின் பேரப்பிள்ளைகள் அவை. ஆசிரியர்கள் யார்? மளிகைக் கடைக்காரர், பண்ணை வீட்டு அம்மா, தையல் வேலை செய்யும் இளம் பெண். சம்பளம் கிடையாது, பயிற்சி அதைவிடக் கிடையாது. பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் பண்ணவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1872-இல் ஒரு மாற்றம் வந்தது. சபை வேறுபாடில்லாமல் எல்லா ஞாயிறு பள்ளிகளும் ஒரே ஞாயிற்றில் ஒரே பாடத்தை நடத்துவது என்று தேசிய மாநாட்டில் தீர்மானித்தார்கள். பாடம் பொதுவானால் ஆசிரியப் பயிற்சியையும் பொதுவாக்கலாம் அல்லவா? மெதடிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளி வெளியீடுகள் வின்சென்டின் பொறுப்பில் இருந்தன. தருணம் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

கூட்டாளி, ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத் தொழிலதிபர் லூயிஸ் மில்லர். அறுவடை இயந்திரங்களைச் செய்து விற்றுப் பணம் பார்த்தவர். புதுக் கருவி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். ஞாயிறு பள்ளிக்கும் அவர் ஒரு கருவி கண்டுபிடித்திருந்தார், கட்டட வடிவில். நடுவே பொதுக்கூடம், அதைச் சுற்றி விசிறிபோல் சிறு வகுப்பறைகள், மடக்குக் கதவுகள். எல்லோரும் சேர்ந்து பாட வேண்டுமானால் கதவைத் திற; தனித்தனியாகப் படிக்க வேண்டுமானால் மூடு. ‘ஆக்ரன் பிளான்’ என்ற பெயரில் அந்த அமைப்பு நாடெங்கும் ஆலயங்களில் எழுந்தது.

வின்சென்டின் யோசனை, ஆசிரியர்களை ஆக்ரனில் மில்லரின் அந்த ஆலயத்துக்கே வரவழைத்துப் பயிற்சி கொடுப்பது. மில்லர் காட்டுக்குப் போகலாம் என்றார். ஃபேர் பாயின்ட் முகாமின் அறங்காவலர்களில் அவரும் ஒருவர். வின்சென்ட் முகம் சுளித்தார். கேம்ப் மீட்டிங் திடலில் வகுப்பா? மக்கள் அழுகிற பழக்கத்தில் வந்து நிற்பார்களே! கடைசியில் ஏரியும் மரநிழலும் அவரை இளக்கின. ஆனால் அழைப்பில் ஒன்றைத் தெளிவாக்கினார்: இது கேம்ப் மீட்டிங் அல்ல, ஞாயிறு பள்ளி ஆசிரியர் பேரவை.

1874 ஆகஸ்ட் 4 மாலை தொடங்கியது. இரண்டு வாரம். படுக்கை கூடாரத்தில், பலகைதான் இருக்கை, வெளிச்சத்துக்கு மரக்கட்டைத் தீ. பாடம் மட்டும் கறார். வேத வரலாறு, புவியியல், பாடத்தைத் தயாரிக்கும் முறை, பிள்ளையிடம் கேள்வி கேட்கும் விதம், கரும்பலகையைப் பயன்படுத்தும் கலை. முடிவில் எழுத்துத் தேர்வு, தேறியவர்களுக்குப் பட்டயம். நரைத்த தலைகளும் இளம் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்து விழித்திருப்பார்கள். வாசலில் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசல் அடைப்பு, நீராவிப் படகும் கரைக்கு வரக் கூடாது. வேடிக்கை பார்க்கிற கூட்டம் இப்படி வடிகட்டப்பட்டது.

பிரசங்க பீடம் பெண்களுக்கு அடைத்திருந்த காலம் அது. ஞாயிறு பள்ளி மட்டும் திறந்திருந்தது. ஆகவே அந்தத் திடலில் பெண்கள் திரண்டு வந்ததில் ஆச்சரியமில்லை. வகுப்பு நேரம் போகக் கூடிப் பேசியவர்களில் சிலர் மதுவுக்கு எதிராக நாடு தழுவிய ஒரு சங்கம் வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்தில் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்!

மறுவருடக் கோடையில் கிராண்ட் படகில் வந்து இறங்கினார். இப்போது அவர் நாட்டின் குடியரசுத் தலைவர். பழைய போதகரின் அழைப்பைத் தட்டவில்லை. செய்தித்தாள்கள் ஏரியின் பெயரை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பிறகு வளர்ச்சி கிடுகிடுவென்று. 1878-இல் வீட்டிலிருந்தே நான்கு ஆண்டு படிக்கும் வாசகர் வட்டம். முதல் ஆண்டே எட்டாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சேணப் பைப் படிப்பைத்தான் வின்சென்ட் இங்கே எல்லோருக்குமாகப் பிரித்துக் கொடுத்தார் என்று படுகிறது. 1879-இல் மொழிப் பள்ளி. 1881-இல் இறையியல் பள்ளி. 1883-இல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் வந்தது, அது நிலைக்கவில்லை. (மில்லரின் மகள் மைனாவை 1886-இல் மணந்தவர் தாமஸ் எடிசன். கையில் மோர்ஸ் தந்தி தட்டிச் சம்மதம் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இறையியலுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் விட மனமில்லை.)

எபிரெயம் கற்பிக்க 1883-இல் ஷட்டாக்வாவுக்கு வந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். வின்சென்டுக்கு நேர் எதிர். பதினான்கு வயதில் கல்லூரிப் பட்டம். பட்டமளிப்பில் எபிரெயத்திலேயே உரை. பத்தொன்பது நிறையும் முன்பே யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர். சிகாகோவுக்கு அருகே மார்கன் பார்க்கில் இருந்த பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் அவர் ஆசிரியர். போதகர்கள் எபிரெயத்தைக் கல்லூரியோடு கைகழுவிவிடுவதைப் பார்த்து 1881 கோடையில் அங்கே ஒரு விடுமுறை வகுப்பு திறந்தார். வந்தவர்கள் இருபது சொச்சம் பேர். கோடை முடிந்து ஊருக்குப் போனவர்களுக்குப் பாடம் அஞ்சலில் தொடர்ந்தது.

அவர் முறையும் தனி. இலக்கண வாய்பாட்டை முதலில் உருப்போட வைக்க மாட்டார். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் தொடங்குவார். அதைச் சொல்லு, எழுது, மனப்பாடம் செய், பிறகு அதற்குள்ளிருந்தே விதியைக் கண்டுபிடி. சில வாரமே கையில் இருக்கும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. காலம் குறைவு என்பதே கற்பிக்கும் முறையை உருவாக்கியது. கோடைப் படிப்பு கல்விக்குத் தந்த கொடை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஹார்ப்பரிடம் 1891-இல் ராக்ஃபெல்லரின் பணத்தில் எழும் சிகாகோ பல்கலைக்கழகம் ஒப்படைக்கப்பட்டது. 1892-இல் வகுப்புகள் தொடங்கியபோது ஆண்டை நான்கு பருவமாகப் பிரித்திருந்தார். கோடையும் மற்றவற்றுக்குச் சமமான பருவம். வேலையில் இருப்பவர் கோடைதோறும் வந்து பட்டம் முடிக்கலாம். அஞ்சல் வழிப் படிப்பையும் பல்கலைக்கழகத்தின் அங்கமாக்கினார். மார்கன் பார்க் கல்லூரியே அதன் இறையியல் துறையாக மாறியது. ஏரிக்கரைக் கூடாரம் பதினெட்டே ஆண்டில் கல் கட்டடத்துக்குள் குடிபுகுந்துவிட்டது.

எல்லோரும் மயங்கிவிடவில்லை. 1896-இல் சொற்பொழிவுக்காக வந்து ஒரு வாரம் தங்கிய தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், அங்கே குடியில்லை, குற்றமில்லை, வறுமையில்லை, சங்கீதமும் கல்வியும் நிறைந்திருக்கின்றன என்று வியந்தார். வெளியே வந்ததும் அப்பாடா என்று மூச்சுவிட்டதாகவும் எழுதினார். ஆபத்தே இல்லாத நல்லொழுக்கம் அவருக்குச் சப்பென்று இருந்தது. கேன் ரிட்ஜில் தரையில் கிடந்து கதறியவர்கள் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். வின்சென்ட் துடைத்து வைத்த இடத்தில் ஏதோ ஒன்றும் சேர்ந்து துடைபட்டுப் போனது உண்மை.

மரத்தின் விழுதுகள் பல பக்கம் இறங்கின. நியூயார்க் நகரத்தில் பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் போவில் 1901-இல் ஊன்றிய விடுமுறை வேதாகமப் பள்ளி, நம் ஊர்களில் பள்ளி மூடியதும் வி.பி.எஸ். என்ற பெயரில் நடக்கிறது. அதற்கு முன்னால் ஆசிரியர்களுக்கென்று நடக்கும் பயிற்சி நாட்களில் வின்சென்டின் கரும்பலகை வாசம் இன்னும் அடிக்கும். கனடாவின் வான்கூவரில் உள்ள ரீஜென்ட் கல்லூரி முதலில் பிறந்ததே 1969-இல் ஒரு கோடைப் பள்ளியாகத்தான். ஆக்ஸ்ஃபோர்டு புவியியல் அறிஞர் ஜேம்ஸ் ஹூஸ்டன் தலைமையில், ஊழியரை மட்டுமல்ல, வேலைக்குப் போகும் சாதாரண விசுவாசியையும் இறையியலுக்குள் அழைக்கத் தொடங்கியது.

1816-இன் நூல் பட்டியலும் சாகவில்லை. ஐக்கிய மெதடிஸ்ட் சபையில் இறையியல் கல்லூரிப் பட்டம் இல்லாமல் சிறு சபைகளை நடத்தும் உள்ளூர்ப் போதகர்களுக்கு அதே பெயரில் இருபது பாடங்கள் இருக்கின்றன. இறையியல் கல்லூரிகள் கோடையில் அவற்றை நடத்துகின்றன. வருகிறவர்களில் பலருக்கு வாரநாளில் வேறு வேலை உண்டு. விடுப்பு எடுத்து, விடுதி அறையில் தங்கி, பகலில் சபை வரலாறும் இரவில் கட்டுரையுமாகப் படிப்பார்கள். ஊர் பக்கமாக இருந்தால் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு பிரசங்கத்துக்கு வேறு ஆள் இல்லை.