பெயர் மறைந்தவரும் பெயர் போனவரும்

காதலின் பெயரால் நடந்த வஞ்சனை நமக்குப் புதிதல்ல. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதிகளின் நாட்டார் கவிகளிலே கைவிடப்பட்ட பெண்ணின் குரலை நிறையவே கேட்கிறோம். அங்கே வழக்கை அவளே சொல்கிறாள். 1924 நவம்பரில் இலண்டன் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கிலோ, யார் ஏமாற்றியது, யார் ஏமாந்தது என்பதே சிக்கலாகிவிட்டது.

காஷ்மீர் மகாராஜா பிரதாப் சிங்கின் தம்பி மகன் ஹரி சிங். 1919இல் இலண்டன் சென்றிருந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. அங்கே மோட் ராபின்சன் என்ற மணமான பெண்ணோடு நெருக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டு நத்தார்க் காலத்தில் இருவரும் பாரிஸ் விடுதியொன்றில் தங்கியிருந்தபோது ஒருவன் அறைக்குள் புகுந்து, தானே கணவன் என்று நின்றான். உண்மையில் அவன் நியூட்டன் என்னும் எத்தன். இளவரசர் கலங்கிப்போனார். அவரைக் காக்கவேண்டிய பரிவார அதிகாரி கப்டன் ஆர்தரும் சதியில் ஒருவர். வேலியே பயிரை மேய்ந்தது. தலா ஒன்றரை இலட்சம் பவுணுக்கு இரண்டு காசோலைகள் எழுதப்பட்டன. ஒன்று பணமாயிற்று, மற்றது தடுக்கப்பட்டது.

இனித்தான் வேடிக்கை. ஹொப்ஸ் என்ற சட்டத்தரணி அலுவலக எழுதுவினைஞர், ராபின்சன் என்ற பெயரில் மிட்லண்ட் வங்கியில் கணக்குத் திறந்து பணத்தை மாற்றினார். உண்மையான கணவனிடமோ இளவரசர் இருபத்தையாயிரம் பவுணுக்கு இணங்கிவிட்டார் என்று சொல்லிவைத்தார். விஷயம் பின்னர் தெரியவந்ததும் ராபின்சன் எஞ்சிய 1,25,000 பவுணைக் கேட்டு வங்கிமீதே வழக்குத் தொடுத்தார்! நியூட்டன் வங்கியிடம் பணம் பெற்றுக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். எத்தர்கள் பங்கு பிரிப்பதில் ஒருவருக்கொருவர் நேர்மையாக இருந்திருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திராது.

நீதிமன்றத்தில் இளவரசருக்கு வைத்த பெயர் ‘மிஸ்டர் ஏ’. லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அரசாங்க அலுவலகம் செய்த ஏற்பாடு அது. நாளைய மன்னரின் மானம் பேரரசுக்கு வேண்டியிருந்தது. மோட்டின் பெயருக்கு அப்படியொரு திரை கிடைக்கவில்லை. பத்திரிகைகள் அதைத் தாராளமாக அச்சிட்டன. சில வாரங்களிலேயே ‘ஏ’ யாரென்று உலகம் அறிந்துகொண்டது வேறு கதை.

மோட் விரித்த வலையா, அல்லது வலையில் அவரும் ஒரு மீனா? இலக்கியம் படிப்பிக்கிற எனக்கு மாதவியின் நினைவு வருகிறது. கானல்வரிப் பாட்டொன்றைக் கேட்டே கோவலன் அவளைச் சந்தேகித்துப் பிரிந்தான். கணிகையென்றால் காதலும் நடிப்பாகத்தான் இருக்கும் என்ற முடிவு அவனுக்கு எளிதாயிருந்தது. ஆனால் இளங்கோ மாதவியின் கையில் ஒரு மடலைக் கொடுத்து, அவள் மனத்தை நமக்குக் காட்டினார். மோட்டுக்கு இளங்கோ யாரும் வாய்க்கவில்லை. நீதிமன்றம் தேடியது பணம் போன வழியைத்தான்.

ஜூரிமார் ராபின்சன் தம்பதியர் சதியில் பங்காளிகள் அல்லர் என்றே கண்டனர். எனினும் அந்தப் பணம் ராபின்சனுக்குரியதல்ல என்று வங்கிக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. ஹொப்ஸ் 1925இல் சிறை சென்றார். ஆர்தர் பிரான்சில் தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டு ஹரி சிங் மகாராஜாவானார். 1947 ஒக்டோபர் 26ஆம் திகதி காஷ்மீரை இந்தியாவுடன் இணைக்கும் பத்திரத்தில் ஒப்பமிட்டவரும் அவரே. அவருடைய வரலாற்றை எழுதுவோரிற் பலர் பாரிஸ் சம்பவத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜூரிமார் சொன்னதை விட்டுவிட்டு, மோட்டை இன்றும் விலைமகள் என்றே எழுதிச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள்.