துடுப்பாட்டத்தில் எழுதப்படாத விதிகள்

துடுப்பாட்டத்தில் விதிநூலுக்கு அப்பால் மரபும் தண்டிப்பதுண்டு. 2010 ஆகஸ்ட் 16ஆந் திகதி தம்புள்ளையில் இந்தியாவின் வெற்றிக்கு ஓர் ஓட்டமே வேண்டியிருந்தது. சேவாக் 99 ஓட்டங்களுடன் நின்றார். சுராஜ் ரந்திவ் வேண்டுமென்றே 'நோ போல்' வீசினார். சேவாக் அதனை ஆறாக அடித்தும், நோ போலுக்குரிய ஓர் ஓட்டத்துடனேயே ஆட்டம் முடிந்தமையால் சதம் கைகூடவில்லை. நோ போலுக்கு அன்றைய விதிநூல் கூறிய தண்டம் அவ்வோர் ஓட்டமே. ஆயினும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் தன் வீரருக்குத் தானே ஒரு போட்டித் தடை விதித்தது. அவரைத் தூண்டியதாகக் கருதப்பட்ட டில்ஷானும் போட்டி ஊதியத்தை இழந்தார்.

2014இல் எட்ஜ்பாஸ்டனில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுதல் தகாது. பந்தெறியுமுன் கோட்டைவிட்டு நகர்ந்த பட்லரை, சசித்திர சேனநாயக்க எச்சரித்த பின்னரே ஆட்டமிழக்கச் செய்தார். விதி அனுமதித்த அப்பதிலடியைப் பார்வையாளர் இகழ்ந்தனர். 2022இல் இவ்வாட்டமிழப்பு 'முறையற்ற ஆட்டம்' என்னும் விதியினின்று 'ரன் அவுட்' விதிக்கு மாற்றப்பட்டது.