இன்வெர்ட்டர் பேட்டரியின் அளவுகாட்டி: சிக்கனம் மின்தடையிலா, நேரத்திலா?

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர்கள் இருளில் கிடந்தன. அத்தகைய இரவுகளில், பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது வீட்டாருக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் காட்டும் சுற்று தானே பேட்டரியைக் குடிக்கக் கூடாது. இதற்கான வழி பெரிய மின்தடைகளைப் (ரெசிஸ்டர்களைப்) போடுவதன்று, அளக்கும் நேரத்தைச் சுருக்குவதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

எல்.எம். 3914 சிப்பை வைத்துப் பத்து எல்.இ.டி.க்களைப் பட்டையாக எரியவிடுவது பலரும் கையாளும் தீர்வு. ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி ஆம்பியர் என்றால், பட்டை முழுதாக எரியும்வரை நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி செலவு. 28 வாட் மின்விசிறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட அது போதும். கரண்ட் வந்ததும் சார்ஜர் ஈடுகட்டிவிடும் என்பார்கள். அளவுகாட்டி தேவைப்படுவதே கரண்ட் இல்லாதபோதுதானே!

பட்டைக்குப் பதிலாக ஒரு சிப் அளக்கட்டும் என்றால், அதற்கு முன் பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பகுப்பியில் மொத்தம் 10 மெகா ஓம் மின்தடை போட்டால் 1.2 மைக்ரோ ஆம்பியர்தான் ஓடும். தாளில் இது அழகு. ஆனால் சென்னையின் ஈரக்காற்றில், சார்ஜ் ஆகும் பேட்டரியின் அமிலச்சாரல் படும் இடத்தில், அட்டையின் மேற்பரப்பே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். பகுப்பியின் கீழ்மின்தடைக்குக் குறுக்கே 50 மெகா ஓம் கசிவு இருந்தாலே 12.4 வோல்ட் 12.18 ஆகத் தெரியும். மொத்த மின்தடையை 100 கிலோ ஓமாகக் குறைத்தால் அதே கசிவு தரும் பிழை 2 மில்லி வோல்ட்தான். 120 மைக்ரோ ஆம்பியர் ஓடுமே என்றால், சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாக 8 விநாடிக்கு ஒருமுறை 5 மில்லி விநாடி மட்டும் இணைத்தால் போதும்: சராசரி 0.075 மைக்ரோ ஆம்பியர். பெரிய மின்தடை குடிப்பதில் பதினாறில் ஒரு பங்கு.

எஞ்சியது எளிது. உறங்கி விழிக்கும் ஏ.டி.டைனி வகைச் சிப், 8 விநாடிக்கு ஒருமுறை 20 மில்லி விநாடி மின்னும் 2 மில்லி ஆம்பியர் எல்.இ.டி., தானே மிகக் குறைவாக எடுக்கும் ரெகுலேட்டர்: எல்லாம் சேர்ந்து 15 மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கும். பழக்கதோஷத்தில் 7805 போட்டால் அது ஒன்றே சுமார் 5 மில்லி ஆம்பியரை விழுங்கிவிடும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி சும்மா இருந்தே மாதம் 3 விழுக்காடு இழக்கிறது என்று கொண்டால் அது 4.5 ஆம்பியர்-மணி, இச்சுற்றின் மாதச் செலவு 0.011.

இனி, எந்த எண்ணை 'முழு' என்பது? கார் பேட்டரி அட்டவணைகள் 12.7 வோல்ட் என்கின்றன. நம் வீட்டு ட்யூபுலர் பேட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.240, காரில் 1.280. ஒப்படர்த்தியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் ஓய்வு மின்னழுத்தம் கிடைக்கும். ஆக முழு ட்யூபுலர் 12.48 வோல்ட்தான். கார் அட்டவணையை அப்படியே எழுதிய சுற்று, நிறைந்த பேட்டரியையும் முக்கால் என்றே காட்டும்.

பேட்டரி தீர்ந்துவர ஒப்படர்த்தி 1.14 ஆக இறங்கினால் 11.88; இடைவெளி வெறும் 0.6 வோல்ட். பேட்டரியின் உள்மின்தடை 5 மில்லி ஓம் என்றால், 40 ஆம்பியர் சுமை அதில் மூன்றில் ஒரு பங்கை மறைத்துவிடும். எனவே சுமையோடு எடுத்த அளவை நம்ப முடியாது. மின்விசிறி, விளக்குகளை அணைத்துச் சில நிமிடம் கழித்து அழுத்த ஒரு பொத்தான் வைப்பதே நேர்மையான ஏற்பாடு. 12.9-க்கு மேல் என்றால் சார்ஜ் ஆகிறது என்று மட்டும் காட்டட்டும்.

பேட்டரியின் முதுமையை இச்சுற்று அறியாது. ஐந்தாண்டு பழைய பேட்டரியும் 12.48 காட்டும், கொள்ளளவு பாதியாகியிருக்கலாம். மழைக்காலத்துக்கு முன், புரட்டாசி வாக்கில், தெரிந்த சுமையில் அது 12.1-க்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறதென்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.